அஞ்சடிக் கப்பல்

— அரே அல்லா, நில்லு நில்லு! இன்பராஜ் தம்பி, இது இன்னா இவ்ளோ நீளமா, பெட்ஷீட்டு சுத்தி ரெண்டு பேரும் தூக்கிக்கினு வர்றீங்க? குடி வர்ற அன்னைக்கே என் வீட்டுக்குள்ள யாரையாவது...

— ஐயோ பேகம்மா, நீங்க நெனைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. இது ஒரு படகு.

— படகு இல்ல, கப்பல். நீ மொதல்ல உன் பக்கத்த எறக்கிப் புடி. நெலையில இடிக்கப் போற.

— சரி ஜாஸ், கப்பல். வா, வா, அப்படியே வா. பேகம்மா, அந்தப் பக்கெட்ட மட்டும் கால்ல தள்ளி வுடுங்க.

— தள்ளிட்டேன். ஆம்பூர்ல கப்பல் இன்னாத்துக்கு? இங்க பாலாத்துலயே தண்ணி இல்ல.

— நானும் அதத்தான் ஏழு வருஷமா கேக்கறேன். நீங்களாவது கேட்டு வைங்க. நான் போய் பீரோவும் கட்டிலும் ஏத்திக்கினு வந்துடறேன். ரெண்டு மணிக்குள்ள குட்டி யானை வண்டிய ஓனர் கிட்ட வுடணும்.

— பாத்துப் போ. உங்க அக்கா எதனா சாப்பாடு குடுத்தா வேணாம்னு சொல்லாத, வாங்கிக்கோ. மனசு சங்கடப்படுவாங்க.

— வாங்கிக்கறேன், வாங்கிக்கறேன்.

— போய்ட்டாரா? வா ஜாஸ்மின், இப்படி உக்காரு. டீ ஆறுது பாரு. குடிச்சிட்டு அந்தத் துணிய எடும்மா பேட்டி, அது இன்னா கப்பல்னு நானும் பாக்கறேன்.

— தூசியா இருக்கும் பேகம்மா. இந்தாங்க.

— யா அல்லா! இது எங்க வாங்கினது?

— வாங்கல. நானே செஞ்சேன். ஏழு வருஷமா செய்யறேன், இன்னும் முடியல.

— இந்தக் குட்டிக் குட்டிப் பொட்டியெல்லாம்?

— கன்டெய்னர். மேல தெரியறது மட்டும் அறுநூத்திப் பன்னெண்டு. ஷூ டப்பா அட்டைய அறுத்து ஒட்டினது. நெஜத்துல ஒரு கன்டெய்னர் நாப்பது அடி. இதுல ரெண்டரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி. எல்லாமே இருநூறுல ஒரு பங்கு. நெஜக் கப்பல் ஆயிரம் அடி, இது அஞ்சடி. இதுல ஒரு மனுஷன் நின்னா அரிசி ஒசரம் தான் இருப்பான்.

— மனுஷன் எங்க? காணோமே.

— ஒருத்தன செஞ்சேன். ஒரு நாள் தும்மினேன், காணாமப் போய்ட்டான்.

— ஹா! சரி, இந்த வளையம்? பித்தளையா?

— அது ஐலெட். ஷூவுல லேஸ் கோக்கற ஓட்டைக்கு அடிப்பாங்களே, அது. கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் எங்க ஷூ கம்பெனி லைன்ல தூக்கிப் போட்டுடுவாங்க. சூப்பர்வைசர் கிட்ட கேட்டு எடுத்துக்கினு வருவேன். இங்க அது கப்பலுக்கு ஜன்னல். கம்பியெல்லாம் தையல் செக்ஷன்ல மிஞ்சற மெழுகு நூல். ஒடம்பு மொத்தமும் ஷூவுக்கு அடியில வைக்கிற அட்டை. ஈரமா இருக்கறப்ப வளைச்சிக் கட்டி வெச்சா, வளைஞ்ச மாதிரியே காயும்.

— நல்ல மூளை பேட்டி உனக்கு. ஆனா கப்பல் எதுக்கு? ஒரு காரு, ஒரு மசூதி, ஒரு சர்ச்சு, கண்ணால பாத்தது எதனா செஞ்சிருக்கலாமே.

— நான் செக்கிங்ல இருக்கேன் பேகம்மா, பதினாறு வருஷமா. ஒரு தையல் வுட்டிருந்தா ரிஜெக்ட். பசை வெளிய தெரிஞ்சா ரிஜெக்ட். நல்லா இருக்கறது டப்பாவுல போவும், டப்பா கன்டெய்னர்ல போவும், கன்டெய்னர் கேட்டத் தாண்டிப் போவும். அதுக்கு மேல எங்க போவுது, யாரு கால்ல போவுது, ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் எக்ஸ்போர்ட் செக்ஷன் பொண்ணு போன்ல காட்டுச்சு. 'அக்கா, போன மாசம் நீ பாத்த ஷூவெல்லாம் இந்தக் கப்பல்ல தான் இருக்குது, கப்பல் இப்ப நடுக்கடல்ல போவுது'ன்னுச்சு. நான் தொட்டு அனுப்பினது நடுக்கடல்ல! அன்னைக்கு சாயந்தரமே வீட்டுக்கு வந்து அட்டைய அறுக்க ஆரம்பிச்சேன்.

— நேர்ல பாத்திருக்கியா, கப்பல?

— ஒரே தடவ, மெட்ராஸ் பீச்சுல. ரொம்ப தூரத்துல நின்னுச்சு. இதவிட சின்னதா தெரிஞ்சுது.

— இத்தத் தூக்கிக்கினு எங்கெல்லாம் அலைஞ்சீங்க நீங்க?

— அத ஏன் கேக்கறீங்க. பழைய வீட்டு ஓனர் பையன் காம்ப்ளெக்ஸ் கட்டணும், வீட்ட இடிக்கப் போறேன்னுட்டாரு. மூணு மாசம் டைம் குடுத்தாரு. அதே நேரம் பாத்து கம்பெனில ஆர்டர் கம்மியாச்சு, வாரத்துல நாலு நாள் தான் வேலைன்னுட்டாங்க. இவரு ஓட்டினது கம்பெனி ஸ்டாஃப் பஸ், குடியாத்தம் ரூட்டு. அந்த ரூட்டையே நிறுத்திட்டாங்க. இப்ப வாடகைக்கு இந்தக் குட்டி யானைய எடுத்து லோடு அடிக்கறாரு. பொண்ணு வேலூர்ல நர்சிங் படிக்குது, அது ஹாஸ்டல் ஃபீஸ் ஒரு பக்கம். வீடு கெடைக்கிற வரைக்கும்னு இவரோட அக்கா வீட்டுக்குப் போனோம். எங்களுக்குன்னு ஒரு சின்ன ரூம்பு ஒதுக்கிக் குடுத்தாங்க. கீழ கப்பல் வெச்சா நாங்க படுக்க முடியாது. உத்தரத்துல கயிறு போட்டு கப்பலத் தொங்க விட்டாரு. ரெண்டரை மாசம் கப்பலுக்கு அடியில தான் தூங்கினோம். காலைல கண்ண முழிச்சா நேரா கப்பலோட அடிப்பக்கம் தெரியும். மீனுக்கெல்லாம் இப்படித்தான் தெரியும்போல.

— அவங்க அக்கா ஒண்ணும் முணுமுணுக்கலியா?

— ஒரு வார்த்த சொன்னதில்ல. எங்களுக்குப் போட்டுட்டுத்தான் அவங்க தட்ட எடுப்பாங்க. அவ்ளோ நல்லவங்களா இருக்கறதால தான் எனக்குக் கூச்சம். வீட்டப் பாரு, வீட்டப் பாருன்னு தெனம் இவர அரிப்பேன். இவரு தான்...

— இன்னா, குடிக்கிறாரா?

— சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் இல்ல. வீடு பாக்கப் போவாரு, வேணாம்னு வந்துடுவாரு. ஒம்பது வீடு பேகம்மா! ஒண்ணு, மேல தகர சீட்டு, வெயில்ல வெந்துடுவோம். இன்னொண்ணு, ஓனரம்மா வாய் சரியில்ல. அடுத்தது, தெருவுல நாய் தொல்லை. நான் ஷூவ ரிஜெக்ட் பண்றதவிட ஜாஸ்தியா இவரு வீட்ட ரிஜெக்ட் பண்ணாரு. ஸ்டேஷன் பக்கம் ஒரு வீடு, கம்பெனிக்கு நடந்தே போயிடலாம், வாடகையும் கம்மி. நான் போய்ப் பாக்கறதுக்குள்ள வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டாரு. கேட்டா, தண்ணி உப்பாம்.

— சண்ட போட்டியா?

— போட்டேன். அவங்க அக்கா இல்லாத நேரமாப் பாத்து, 'உனக்கு உங்க அக்கா வீட்டுச் சோறு ருசிச்சிப்போச்சு'ன்னு சொல்லிட்டேன்.

— அரே, அப்படியா சொன்ன?

— வாயில வந்துடுச்சு. அவரு வெளிய போய் வண்டிக் கண்ணாடியத் தொடைக்க ஆரம்பிச்சாரு, வாடகை வண்டி அது, அவரோடதுகூட இல்ல. அத நெனைச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரியா இருக்குது.

— ஆம்பள வீம்பு, வேற இன்னா. அந்தக் கோவத்துல தான் கப்பலப் படகுன்றாரா?

— அவருக்கு இது புடிக்காது பேகம்மா. நோட்டீஸ் குடுத்த மாசம் நான் ஒரு தப்பு பண்ணேன். கேஸ் தீந்துபோச்சு, கைல காசு இல்ல. இருந்த முன்னூத்தி நாப்பது ரூபாய்க்கு செகப்பு பெயின்ட் வாங்கிட்டேன், கப்பலோட அடிப்பக்கத்துக்கு. நாலு நாள் வெறகு அடுப்பு தான். அவரு திட்டல, ஆனா மூஞ்சி தெரியுமில்ல? எனக்கே வெக்கமாப் போச்சு. குடியிருக்க எடமில்ல, இதுல எனக்கு இது ஒரு கேடான்னு கத்திய எடுத்துட்டேன். நடுவுல அறுத்து ரெண்டு சாக்குல போட்டுடலாம்னு.

— ஹாய் அல்லா. அப்புறம்?

— 'பெயின்ட்டு காயட்டும், அப்புறம் அறு, கையெல்லாம் ஆயிடும்'னாரு. காஞ்சதுக்கு அப்புறம் பாத்தேன். அவ்ளோ அழகா இருந்துச்சு. எனக்கு மனசு வரல.

— வரக் கூடாது. வேலை இல்லாத நாள்ல கை சும்மா இருந்தா மனசு எங்கெங்கயோ போவும். உனக்கு இது இருந்துச்சு.

— அதான் பேகம்மா. வீட்டுல உக்காந்திருக்கற நாள்ல ஒரு கன்டெய்னர் ஒட்டி முடிச்சா, அன்னைக்கு நான் ஒரு வேலை செஞ்சேன்னு இருக்கும். பேகம்மா, உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— சொல்லு.

— அட்வான்ஸ் பாதி போதும்னீங்களே. இவரு வந்து சொன்னப்ப நான் அங்கயே முட்டி போட்டு ஸ்தோத்திரம் பண்ணேன். எங்க ஜெபத்துல தெனம் உங்க பேரு வருது. முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு யாரு இப்படிச் செய்வாங்க?

— அரே, அழாத. துப்பட்டாவுல டீ சிந்துது பாரு. நான் இன்னா சும்மாவா வுட்டேன்? பாதிக்குத்தான் உன் வீட்டுக்காரரு வேலை செஞ்சிட்டாரே.

— இன்னா வேலை?

— இந்த ரூம்பு தான். எங்க வீட்டுக்காரரு தோல் ஏஜென்ட்டா இருந்தாரில்ல, அவரோட சாம்பிள் மூட்டையெல்லாம் இங்க தான் கெடந்துச்சு. அவரு மௌத்தாகிப் போய்ச் சேந்ததுக்கு அப்புறம் நாலு வருஷம் பூட்டியே வெச்சிட்டேன். எலி, நாத்தம், ஒரே பேஜாரு. மூணு ஞாயித்துக்கெழம வந்து மூட்டைய காலி பண்ணி, செவுத்தச் சொரண்டி, பூசி, ரெண்டு கோட்டு சுண்ணாம்பு அடிச்சாரு. கூட ஒரு ஆள் இல்ல. அந்தக் கதவு தொறந்ததுல எனக்கே மூச்சு வந்த மாதிரி இருக்குது பேட்டி. நீ எனக்கு நன்றி சொல்ற, நான் உங்களுக்குச் சொல்லணும்.

— ஞாயித்துக்கெழமையா? வாணியம்பாடிக்கு லோடு இருக்குது, சர்ச்சுக்கு வரலன்னு சொன்னாரே? மூணு வாரமும் நான் தனியாத்தான் போனேன்.

— போச்சு! சொல்லாதீங்கன்னு சொல்லியிருந்தாரு. என் வாய் நிக்கல.

— ஏன் சொல்லக் கூடாதாம்?

— அது எனக்குத் தெரியாது. இன்னொண்ணும் எனக்குப் புரியல. முன் பக்கத்துப் போர்ஷன் காலியாத்தான் இருக்குது. ரெண்டு ஜன்னல், செவுத்துலயே ஷெல்ஃப், உள்ளயே பாத்ரூம். இதே வாடகைக்கு எடுத்துக்கோன்னேன். சுத்திப் பாத்தாரு, வேணாம்னுட்டாரு. பின்னாடி இருக்கற இந்தக் கோடவுன தொறந்து காட்டுங்கன்னாரு. பைத்தியமா தம்பி உனக்குன்னு கேட்டேன், சிரிச்சிக்கினே நின்னாரு. வண்டி சத்தம் கேக்குது, வந்துட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல, ஆமா.

— ஜாஸ்! பீரோ வந்துடுச்சு. தெரு முனைல ரெண்டு பேரக் கூட்டாந்திருக்கேன். உன் படக ஓரமா இழு, எவனாவது மிதிச்சிடப் போறான்.

— பீரோ இருக்கட்டும். நீ இப்படி வா. மூணு ஞாயித்துக்கெழம எங்க போன?

— பேகம்மா...

— நான் இல்ல தம்பி. என் வாய் தான்.

— அட, வுடு ஜாஸ். வண்டி ஓடாத நாள்ல கை சும்மாத்தான இருந்துச்சு. சுண்ணாம்பு தான அடிச்சேன், கல்லா ஒடைச்சேன்?

— முன் பக்கத்துப் போர்ஷன் ஏன் வேணாம்னு சொன்ன?

— அது... காத்து ஜாஸ்தி.

— ஸ்டேஷன் பக்கம் பாத்தியே, அந்த வீடு. அங்க தண்ணி நெஜமாவே உப்பா?

— இப்ப இன்னாத்துக்கு அது? பீரோவத் தூக்கிக்கினு ரெண்டு பேரு வெயில்ல நிக்கறாங்க.

— நிக்கட்டும். நீ சொல்லு.

— நல்ல தண்ணி தான். ஒம்பது வீட்டுலயும் ஒரு கொறையும் இல்ல. கட்டிலும் பீரோவும் போட்டா உன் கப்பலுக்கு அஞ்சடி செவுரு தான் எதுலயும் மிஞ்சல. அத சொல்லியிருந்தா நீ அன்னைக்கே கப்பல ரெண்டா அறுத்திருப்ப, ஜாஸ்.