அம்மாவாக இருக்க ஓர் உத்தரவு

வேங்கிக்கால் கலெக்டர் அலுவலக நிறுத்தத்தில் மூன்று பெண்கள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். ஒரு தாய், அவர் அக்கா என்று அழைத்த பக்கத்து வீட்டுக்காரர், ஜன்னலோரம் இருபது வயதைத் தாண்டிய மகள்.

"என் பொண்ணை நான் பாத்துக்கறதுக்கு கலெக்டர் உத்தரவு வேணுமாம்க்கா" என்றார் தாய். அதற்குப் பிறகு நான் போனைப் பார்க்கவில்லை.

"பெத்தவ நீதானேடி?"

"பதினெட்டு தாண்டிட்டா அது பத்தாதாம். மூளை வளர்ச்சி கம்மியா இருக்கிற புள்ளைக்கு கார்டியன் யாருனு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. என் கொழுந்தனும் மனு போட்டிருக்கான். இவ அப்பா விட்டுட்டுப் போன நிலத்து மேல கண்ணு."

"இவளை என்ன கேட்டாங்க?"

"என்னை வெளிய உட்கார வெச்சுட்டு உள்ள ஒரு மேடம் இவகிட்ட தனியா பேசினாங்க. 'அம்மா கூட'னு சொல்லச் சொல்லி ஒரு வாரமா பழக்கினேன்." மகள் பக்கம் திரும்பினார். "யார் கூட இருக்கணும்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னு சொன்னேன்."

பக்கத்து வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாய் சிரிக்கவில்லை.

"அதுக்கு அந்த மேடம் என்ன சொன்னாங்க?"

"சரி, நிதானமா யோசிச்சுட்டு அடுத்த வாரம் வானு சொன்னாங்க."

"அடிப்பாவி. அன்னிக்கு உன் சித்தப்பா பக்கத்துல நின்னு மிரட்டினா என்ன பண்ணுவ?"

"அவரும் வெளியதான் உட்காரணும்" என்றாள் மகள். "உள்ள நான் மட்டும்தான்."