நான் அழித்த வாசகர் பதிவேடு

பெயர் கலாவதி, வயது 47, கணவர் பெயர் திருமூர்த்தி, அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் நகரத்து மௌரி அவென்யூ பக்கம் குடியிருக்கிறேன். சொந்த ஊர் கரூர். வாடிக்கையாளரின் பதிவுகளை அனுமதியில்லாமல் அழித்ததாக என் கம்பெனி போலீஸில் கொடுத்த புகாரின் பேரில், நான் தமிழில் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் ராமசுப்ரமணியன் இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார்.

வெளிநாடு ஒன்றின் தேசிய நூலகத்து கம்ப்யூட்டர் வேலையை ஆறு வருடமாக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்கிற வாசகர் பதிவேடும் அதில்தான் இருந்தது. அங்கே இயக்குநர் சேனாபதி சாரும் நூலகர் ஷ்யாமளாவும் தமிழ் பேசுவார்கள். இரண்டு பேரையும் நேரில் பார்த்ததில்லை.

மார்ச் மாதம் அங்கே புரட்சி வந்து அரசு கவிழ்ந்தது. ஒன்பதாம் தேதி சேனாபதி சார் போன் பண்ணி, கூட்டம் வாசலில் நிற்கிறது, பதிவேட்டை உடனே அழித்துவிடு, அது அவர்கள் கையில் கிடைத்தால் வாசகர்கள் தப்பமாட்டார்கள் என்றார். அதன்பிறகு ஷ்யாமளா கூப்பிட்டு, புரட்சிக் குழு தன்னை இயக்குநராக்கியிருக்கிறது, பதிவேட்டில் கை வைக்காதீங்க அக்கா என்றாள். காரணம் கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஒரு நூலகத்துக்கு இரண்டு இயக்குநர் என்றால் நான் யார் பேச்சைக் கேட்பது? என் கம்பெனி மேனேஜர் கிரீஷ் போனை எடுக்கவில்லை.

சேனாபதி சார் பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவர், நிதானமாகப் பேசினார். அவள் பதறினாள். நான் நிதானத்தை நம்பினேன். அதன்பிறகு மளிகைக் கடை பார்க்கிங்கில், காருக்குள்ளேயே லேப்டாப்பைத் திறந்து, பேக்கப் உட்பட எல்லாவற்றையும் அழித்தேன். நல்ல காரியம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் ஷ்யாமளா கூப்பிட்டாள். பழைய அரசு மாதாமாதம் சேனாபதியிடம் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வாசகர்களைப் பிடித்துப் போனதாம், போனவர்கள் திரும்பவில்லையாம், யாருடைய பெயரை யார் திறந்து பார்த்தார்கள் என்பதும் பதிவேட்டில் பதிவாகியிருந்ததாம், அது ஒன்றுதான் சாட்சியாம். அவள் என்னைத் திட்டவில்லை. “ஒரே ஒரு பேராவது ஞாபகம் இருக்கா அக்கா?” என்றாள். ஆறு வருடத்தில் நான் ஒரு பெயரைக்கூடப் படித்ததில்லை. அவள் சொல்வது நிஜமா, அவர் சொன்னது நிஜமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சேனாபதி போனை எடுப்பதில்லை.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டினார்கள். தெரிந்ததை உள்ளபடி சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன்.

கையெழுத்துக்கு முன் நான் சேர்க்கச் சொன்னது: ஒரு வாசகர் தச்சு வேலைப் புத்தகம் ஒன்றைப் பதினோரு முறை புதுப்பித்தார், அதற்கு ஒவ்வொரு முறையும் அவருடைய நூலகக் கார்டு எண்ணோடு எனக்கு அலர்ட் வரும். போன ஆகஸ்டோடு அது நின்றுவிட்டது. கார்டு எண் 40172. அந்தக் கார்டு யார் வீட்டிலாவது இருக்கும், எண்ணை வைத்து அவர் யார் என்று தேடலாம். இந்த எண்ணை மட்டுமாவது ஷ்யாமளாவுக்கு அனுப்ப அனுமதி கேட்கிறேன்.

(ஒப்பம்) தி. கலாவதி