சைலஸ் அக்கரையிலிருந்து வந்த விதம்

என் பெயர் லவினியா ப்ரூவிட். வயது நாற்பத்து மூன்று. நேத்தன் ப்ரூவிட் என்பவரின் மனைவி. ஒஹாயோ ஆற்றின் வடகரையில் ஹேசல் துறை என்னும் ஊரில் பண்ணை வைத்துக் குடியிருக்கிறேன். எதிர்க்கரையில், கென்டக்கியில் இருக்கும் ஏமஸ் டாலிவர் என் தங்கை டார்கஸின் கணவர். அவருடைய அடிமையான சைலஸ் என்பவர் இந்த 1856 டிசம்பரில் இங்கே ஓடிவந்தாரா, எஜமானே கூட்டிவந்தாரா என்று விசாரிக்க, கவுண்டி நீதிபதி முன் ஆஜராகிச் சொல்வதாவது. ஓடிவந்தவர் என்றால் அவரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும், எஜமானே கொண்டுவந்தவர் என்றால் எங்கள் மாநிலத்துச் சட்டப்படி இந்தக் கரையில் கால் வைத்ததுமே அவர் சுதந்திர மனிதர் என்றும் எனக்கு விளக்கப்பட்டது. விளக்காமலே எனக்குத் தெரியும். இந்த ஆற்றங்கரையில் அது தெரியாதவர் இல்லை.

முதல் கடும்பனி விழுந்ததும் எங்கள் பன்றிகளை எங்கள் பண்ணையிலும், அடுத்த வாரம் அவர்கள் பன்றிகளை அவர்கள் பண்ணையிலும் இரண்டு குடும்பமும் கூடி அறுப்பது வழக்கம். சொந்தபந்தம் இருக்கும்போது கூலி ஆளை வைத்து அறுத்தால் ஊர் சிரிக்கும். கொதிநீரில் பன்றியை முக்கி மயிர் சுரண்டுவது சைலஸின் வேலை என்பதால் ஏமஸ் வருஷாவருஷம் அவரைக் கூட்டிவருவார். அக்கம்பக்கத்தார் எச்சரித்தால், "பன்னி அறுக்கிற இடத்துக்கு எவன் சட்டப் புத்தகத்தத் தூக்கிட்டு வரப்போறான்?" என்று சிரிப்பார்.

இந்த வருஷம் எங்கள் பண்ணையில் அறுப்பு நாளன்று அவர்கள் வந்த பிறகு வேலை தொடங்கியது. மதியம் ஈரல் வறுவலும் சோள ரொட்டியும் வைத்தேன். சைலஸ் எப்போதும்போல் வெளியே அடுப்படியில் தட்டை வாங்கிக்கொண்டார். என் கணவர், "என்ன சகலை, உங்க பூட்ஸையாவது நீங்களே மாட்டிக்கிறீங்களா?" என்று கேட்டார். அதற்கு ஏமஸ், "உங்க ஊர்ல கூலிக்காரன் படுத்துட்டா தெருவுல விட்ருவீங்க. நான் வைத்தியமாவது பாக்குறேன்" என்றார். இது வருஷாவருஷம் நடக்கும் பேச்சு, சிரிப்பில் முடியும். இந்த வருஷம் கன்சாஸில் அடிமைமுறையை வைத்து வெட்டுக்குத்து நடந்து, தேர்தலும் நடந்து, எங்கள் சர்ச்சும் முன்னமே வடக்கு, தெற்கு என்று இரண்டாகிவிட்டிருந்த நிலையில், அதே வார்த்தைக்கு மேஜையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டார்கஸ் மட்டும், "ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

அதன் பிறகு பொழுது சாய, கிளம்பலாம் என்று ஏமஸ் சைலஸைக் கூப்பிட்டார். சைலஸ் கத்தியைத் துடைத்துப் பலகையில் வைத்துவிட்டு, "நான் வரலைங்கய்யா" என்றார். ஏமஸ் விளையாட்டு என்று நினைத்தார். சைலஸ் மறுபடியும், "ஹானாவத்தான் கோடையில தெக்க பருத்திக்காட்டுக்கு வித்துட்டீங்களே. அங்க எனக்கு இனி யாருங்கய்யா இருக்கா?" என்றார். ஹானா என்பது அவர் மனைவி. அவளை விற்ற சேதி அதுவரை எனக்குத் தெரியாது. டார்கஸின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏமஸ் துடுப்பை ஓங்கிக்கொண்டு போனார். என் கணவர் குறுக்கே நின்று, "சகலை, இது என் நிலம்" என்றார். "அது என் சொத்து" என்று ஏமஸ் சொன்னார். சுற்றியிருந்த எல்லார் கையிலும் அறுப்புக் கத்தி இருந்தது. யாரும் யாரையும் தொடவில்லை. அதன் பிறகு ஏமஸும் டார்கஸும் தங்கள் பங்குக் கறியை எடுக்காமலே படகேறிப் போனார்கள். அடுத்த வாரம் அக்கரையில் அறுப்பு நடந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்களை யாரும் கூப்பிடவில்லை.

சில நாள் கழித்து ஏமஸ், ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்கும் மத்திய அரசு அதிகாரியான மார்ஷலின் ஆட்களோடு வந்தார். சைலஸைத் தாம் கூட்டிவரவில்லை என்றும், வீட்டில் விட்டுவந்ததாகவும், பிறகு அவர் பக்கத்துப் பண்ணைப் படகைத் திருடி ஓடிவந்ததாகவும் சத்தியம் செய்து வாங்கிய ஆணை அவர்களிடம் இருந்தது. சைலஸின் கையைக் கட்டினார்கள். எங்கள் ஊர் ஆண்கள் துப்பாக்கியோடு பாதையை மறித்தார்கள். ஒரே சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் ஒருவரை ஒருவர் குறிபார்த்து நின்றதை நான் பார்த்தேன். அதன் பிறகு வெடிச்சத்தம் கேட்டது, என் கணவர் தோளில் குண்டு பட்டு விழுந்தார். சுட்டது யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல மாட்டேன். விசாரணை முடியும்வரை யாரிடமும் விடாமல் சைலஸை அன்றிலிருந்து கவுண்டிச் சிறையில் வைத்திருக்கிறார்கள்.

நேற்று டார்கஸ் தனியாக ஆற்றைக் கடந்து என் வீட்டுக்கு வந்தாள். என் கணவரின் தோள்கட்டைப் பார்த்து அழுதாள். அதன் பிறகு என்னிடம், "அக்கா, பொய் சொல்லச் சொல்லல. நாங்க வந்து இறங்கினத நீ பாக்கலன்னு மட்டும் சொல்லு, போதும். அவரு சத்தியம் பண்ணிட்டாரு. நீ வேற மாதிரி சொன்னா அவர உள்ள தள்ளிருவாங்க. நான் எங்க போவேன்?" என்றாள். அம்மா செத்தபின் அவளுக்குத் தலைபின்னி விட்டு வளர்த்தவள் நான். காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

அறுப்பு நாளன்று அவர்கள் எப்படி வந்தார்கள் என்று நீதிபதி இப்போது கேட்பதால் சொல்கிறேன். ஒரே படகில் ஏமஸ், டார்கஸ், சைலஸ் மூவரும் வந்தார்கள். சைலஸ் துடுப்புப் போட்டார். ஏமஸ் முன்னால் நின்று, "மதினி, புடிங்க" என்று கயிற்றை வீசினார். நான் பிடித்துக் கட்டினேன். என் தங்கையைக் கைகொடுத்து இறக்கியதும் நான்தான். சைலஸ் எஜமானுக்குப் பின்னால், எஜமான் சொல்லித்தான் இறங்கினார். இதைச் சொல்ல நேர்ந்ததற்கு வருந்துகிறேன். சொன்னதற்கு வருந்தவில்லை.

மேலே கண்டதெல்லாம் நான் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னது, என் அறிவுக்கு எட்டியவரை மெய். எழுத்தர் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டியபோது டார்கஸ் முன்பெஞ்சில் இருந்தாள். கயிற்றைப் பிடித்தேன் என்ற இடம் வந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விட்டாள். இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். இதுவும் மெய்யே என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) லவினியா ப்ரூவிட்