முள்ளுக்காட்டை வெட்டிய பிறகு

போடிக்கு ரயில் வராத காலம். சந்தைக்குப் போன மாட்டுவண்டியில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி தேவாரம் ஊர்க்காரி, வயதில் மூத்தவள். ராசிங்காபுரத்தில் ஏறிய இன்னொருத்தியின் மடியில் ஒரு சாக்கு இருந்தது. மூத்தவள் சொன்னதைக் கேட்டு என் தூக்கம் போய்விட்டது.

"முள்ளுக்காட்ட வெட்டுன பெறகுதான்டி எனக்குப் பயமே வந்துச்சு."

"ஏக்கா? திருடன் ஒளியக் கூடாதுன்னுதான ஊர்க்கூட்டத்துல வெட்டச் சொன்னாக?"

"திருடன் வரல. எங்களுக்குத்தான் ஒளிய எடமில்ல. விடியமுன்ன வெளிக்குப் போக ஊர்ப் பொம்பளைக அத்தன பேருக்கும் அந்த முள்ளுதான மறைவு? இப்ப மலையடிவாரம் வரைக்கும் நடக்குறோம். போன வாரம் அங்க ஆனை நின்னுச்சு. போன சோலி முடியாம ஓடியாந்தோம்."

"கூட்டத்துல யாரும் சொல்லலையா?"

"அங்க பொம்பள யாரு இருந்தா? ஆம்பளைக கம்மாக்கரைக்குப் போறவுக, அவுகளுக்கு அந்த நெனப்பே வரல. வருசா வருசம் வெட்டணும்னு வேற முடிவு. மொத ஆளா சரின்னு சொன்னதே எங்க வீட்டுக்காரருதான். அவருகிட்ட இத எப்படிடி வாய்விட்டுச் சொல்ல?"

இளையவள் சாக்கைத் தடவினாள். "எங்க ஊர்லயும் நாளைக்கு வெட்டுறாகக்கா. தீட்டிக் கொண்டான்னு எங்க வீட்டுக்காரரு குடுத்துவிட்ட அருவாளுகதான் இது."

போடியில் கொல்லன் பட்டறை முன்னால் வண்டி நின்றது. உள்ளே சம்மட்டிச் சத்தம் கேட்டது. இளையவள் இறங்காமல் சாக்கைக் காலுக்கடியில் தள்ளினாள்.

"கொல்லன் ஊர்ல இல்லன்னு சொல்லிக்கிறேன்க்கா."