ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய எண்ணெய்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கிடைக்கும் சார், பிரேக் ஆயில் கிடைக்காது. இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

என் பெயர் முனீஸ். சொந்த ஊர் கமுதிப் பக்கம். அவிநாசி ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு எட்டு வருஷமாக வண்டி வேலை பார்க்கிறேன். வெள்ளியங்கிரி அண்ணனுடைய பனியன் கம்பெனி வேனுக்குப் போன ஞாயிறுதான் கிளட்ச் பிளேட் மாற்றினேன். வேலை சுத்தம். ஆனால் மாட்டி முடித்து மிதித்துப் பார்த்தால், பெடல் தலையணை மாதிரி உள்ளே இறங்கியது. கியர் விழவில்லை.

டிரைவர் சோணைமுத்து அண்ணனும் எங்கள் பக்கத்துக்காரர்தான். வாய் சும்மா இருக்காது.

"என்னடா முனீசு, கிளட்ச் மாத்தச் சொன்னா மெத்தை தச்சு வச்சிருக்க?"

"குழாய்ல காத்து நிக்குதுண்ணே. எடுத்துட்டா கல்லு மாதிரி ஆயிரும். ஏறி உக்காந்து மிதிங்க."

அவர் மேலே மிதிக்க, நான் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து காற்றை விட்டேன். "மிதிங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் காற்றோடு கொஞ்சம் பிரேக் ஆயிலும் போகும். மேலே டப்பாவில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேனில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. அது வற்றியதை நான் கவனிக்கவில்லை. இப்போது பிரேக்கிலும் காற்று. இருந்த பிரேக் ஆயிலும் தீர்ந்துவிட்டது. கடைகள் பூட்டியிருந்தன.

அந்த நேரம் பார்த்து வெள்ளியங்கிரி அண்ணன் போன் செய்தார். அவர் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. பயமே அதுதான்.

"ஏனுங்க முனீஸ், காலையில பதினெட்டுப் பொம்பளைப் புள்ளைங்களக் கூட்டியாரோணுங்க. சனிக்கிழமை ஷிப்மெண்ட்டுங்க. வண்டி வந்துருமுங்களா?"

"வந்துருங்கண்ணா."

இப்படிக் கேட்கிறவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பதினெட்டில் ஒருத்தி என் மனைவி நாகஜோதி. செக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

பக்கத்தில் ஒரு நிட்டிங் யூனிட். துணி பின்னும் மெஷினின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய் அங்கே கேன் கேனாக இருக்கும். தண்ணீர் மாதிரித் தெளிவு. துணியில் பட்டால்கூட அலசினால் போய்விடும். இந்த ஊரில் கதவுக் கீல், தையல் மெஷின், சைக்கிள் செயின் எல்லாவற்றுக்கும் அதுதான். முழங்கால் வலிக்குத் தேய்த்துக்கொண்ட ஒருவரையும் எனக்குத் தெரியும். ஒரு கேன் கேட்டேன், கொடுத்தார்கள். டப்பாவை நிரப்பி, கிளட்சிலும் நான்கு சக்கரத்துப் பிரேக்கிலும் காற்றை எடுத்தேன். பெடல் கல்லு மாதிரி நின்றது.

"இது வேலைடா" என்று சோணைமுத்து அண்ணன் முதுகில் தட்டினார். என்ன ஊற்றினேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லுகிற பழக்கம் எனக்கு இல்லை.

அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது சார். வியாழக்கிழமைதான் தெரிந்தது.

மிச்ச எண்ணெயைச் சுப்பண்ணன் என்பவரின் லோடு ஆட்டோ பிரேக்கில் ஊற்றியிருந்தேன். வியாழன் மதியம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பிரேக்க மிதிச்சா அடி வரைக்கும் போகுதுங்க." பிரித்தேன். உள்ளே எண்ணெயை அடைத்து நிறுத்துகிற ரப்பர், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. நகம் பட்ட இடம் பிய்ந்தது. வேனிலும் அதே எண்ணெய், அதே மாதிரி ரப்பர். நான்கு நாள் ஆகியிருந்தது.

"டூப்ளிகேட் ரப்பருங்க, யாரோ உங்கள ஏமாத்திட்டாங்க" என்று சொல்லி மாற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்ததாக எழுதாதீர்கள். சோணைமுத்து அண்ணனுக்கு உடனே மிஸ்டு கால் கொடுத்தேன். அவர் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். நான் ஒன்று, அவர் ஒன்று. அவசரம் யாருக்கோ அவர் முழுதாகக் கூப்பிடுவது எங்களுக்குள் வழக்கம். நான்கு சுற்று போனது. அவர் கூப்பிடவில்லை. அவருக்கு அவசரமில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். என் போனில் பேலன்ஸ் இருந்ததா என்றால், இருந்தது.

முதலாளியிடம் சொல்லியிருக்கலாம்தான். முந்தின நாள்தான் கம்பெனி வண்டி ஆறையும் இனி நீங்களே பாருங்க என்று சொல்லியிருந்தார். அவரிடம் போய், பிரேக்கில் பனியன் மெஷின் எண்ணெய் ஓடுகிறது என்று எந்த வாயால் சொல்வது? வேன் நின்றால் ஷிப்மெண்ட் நிற்கும். நின்றால் அந்தப் பெண்களுக்குத்தானே கஷ்டம்? அவர்களை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். அடுத்த ஞாயிறு வேனை வரச்சொல்லி, சத்தமில்லாமல் எல்லா ரப்பரையும் மாற்றிவிடுவதாக இருந்தேன். புதுசு வாங்கிக்கூட வைத்துவிட்டேன். கொட்டகையில் ஒரு பையில் தொங்குகிறது, ஆள் அனுப்பிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நாகஜோதி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு டவுன் பஸ்ல போ" என்றேன்.

"வேனு தெருமுக்குக்கே வருது. பஸ்ல போயி எதுக்கு நசுங்கணும்?"

"டீசல் வாடை ஒனக்குத் தலைவலி குடுக்கும்."

"மூணு வருசமா வலிக்காத தலைக்கு இன்னைக்கென்ன வந்துச்சு?"

முணுமுணுத்துக்கொண்டே போனாள். பஸ் ஸ்டாப்பில் நின்றவளைப் பார்த்து வேனை மெதுவாக்கியிருக்கிறார்கள். ஜோதிகா என்ற பெண் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏக்கா, ஒம் புருசன் ரிப்பேர் பாத்த வண்டில ஏற ஒனக்கே பயமா?" என்று கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்களாம். பாலத்து இறக்கத்தில் பெடல் அடி வரைக்கும் போனது அதற்குப் பத்து நிமிஷம் கழித்து. முன்னால் நூல் லாரி நின்றது. சோணைமுத்து அண்ணன், ஜோதிகா, இன்னும் நான்கு பெண்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரியில்.

அவர்களைப் பார்க்கப் போன நாகஜோதி அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, காலையில் நான் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று ஏட்டையா சொன்னார். அவள் எழுதியது சரிதான். தெரிந்துதான் அனுப்பினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. பதினெட்டுப் பேரில் ஒருத்தியையாவது காப்பாற்றியிருக்கிறேன் சார், அவளும் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். இனிமேல் ஒரு மனுஷன் யாருக்குத்தான் நல்லது செய்வது?