தானாகச் சேர்ந்த நெட்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் குற்றாலத்து லாட்ஜுகளில் முதன்முதலில் வைஃபை போட்டவன் நான்தான். அதனால் தென்காசி–குற்றாலம் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் மடியில் லேப்டாப்போடு, ஆன்லைன் இன்டர்வியூ மைக்கை அணைத்துவிட்டு, "மதினி, நெட்டு தானா மாறிட்டு" என்றதும் என் காது அங்கேயே போய்விட்டது.

"இன்டர்வியூ போயிருமாட்டி?" என்றாள் பக்கத்திலிருந்த அவள் அண்ணன் மனைவி.

"எப்பவும் நெட்டு மாறுனா பிரவுசர் அப்படியே நின்னுரும், மூடித்தான் திறக்கணும். மூடுனா இன்டர்வியூவை விட்டு வெளிய தள்ளிருவான். இப்ப நிக்காம ஓடுது."

"உன் போன் நெட்டுதானே?"

"என் போன் சார்ஜ் தீந்து அணைஞ்சுட்டு."

"பஸ்ஸுல வேற யாரு நெட்டாவது இருக்கும்."

"பாஸ்வேர்டு இல்லாம எப்படிச் சேரும்? இது அண்ணன் லேப்டாப்புல்லா, பழகுன நெட்டுலதான் தானா சேரும்." அவள் குரல் இறங்கியது. "மதினி, அண்ணன் போன் பேரு காட்டுது."

ஜன்னலில் சாரல் வழிந்தது.

"போன சீசன்ல அருவி வெள்ளம் அவுகளை இழுத்துட்டுப் போனப்ப, அந்தப் போனு அவுக சட்டைப் பையிலல்லா இருந்துச்சு?" என்றாள் மதினி.

"கட் பண்ணட்டா?"

"பண்ணாத. நீ பேசி முடி."

அவள் பேசி முடித்தாள். குற்றாலம் வந்தது. எங்களைத் தவிர எல்லாரும் இறங்கினார்கள்.

"வேலை குடுத்துட்டாங்க மதினி. வாங்க, இறங்குவோம். லேப்டாப்பை மூடட்டா?"

மதினி எழுந்திருக்கவில்லை.

"மூடாதட்டி. பேரு இன்னும் காட்டுது, அவுக இன்னும் போகலல்லா."