வளைவில் திரும்பாத சக்கரம்

நீங்கள் கொடுத்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. அடியில் ஒரு சக்கரம் மட்டும் திரும்ப மாட்டேன் என்கிறது. முடி சுற்றியிருக்கும். கத்தரிக்கோல் கொடுத்தால் பேசிக்கொண்டே எடுத்துவிடுவேன். வேண்டாமா, சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், கம்ப்யூட்டர் கேம் செய்யும் கம்பெனி வைத்திருக்கிறார். கல்யாணம் ஆன கையோடு எனக்கும் அங்கே வேலை போட்டுக் கொடுத்தார். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அது அவர் சுபாவம், நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. புதிதாக ஒரு ரயில் கேம் செய்தோம். ரயிலை ஓடவைப்பது என் பொறுப்பு.

நேர்ப்பாதையில் எந்த மடையனும் ரயில் விடலாம். வளைவில்தான் குட்டு வெளிப்படும். மச்சானுடைய வழி சுலபம்: பெட்டியின் நடுப்புள்ளியைத் தண்டவாளத்தில் வை, பாதை போகிற பக்கம் திருப்பு, முடிந்தது. அப்படி வைத்தால் வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் தண்டவாளத்துக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும். நான் முன்சக்கரங்களைத் தனியாகவும் பின்சக்கரங்களைத் தனியாகவும் தண்டவாளத்தில் உட்காரவைத்தேன். இரண்டும் வளைவுக்கேற்பத் தாமே திரும்பிக்கொள்ளும். அவற்றின் மேல் பெட்டியைப் பலகை மாதிரிப் போட்டேன். அது முதல்முறை வளைந்து போனபோது, சொன்னால் சிரிப்பீர்கள், கண் கலங்கிவிட்டது. என் மகள் முதல் அடி எடுத்து வைத்தபோதுகூட அப்படி ஆகவில்லை.

மச்சான் ஆபீஸே பார்க்கச் சிரித்தார்.

"ஏன் மாப்ளே, சக்கரத்தை எவன் குனிஞ்சு பார்க்கப் போறான்? கம்ப்யூட்டர் திணறுது. பக்கவாட்டுல பலகை அடிச்சு மூடிட்டு, என் வழியில விடு."

அவமானமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனால் கோபப்படவில்லை. வாயால் சொல்லிப் புரியாதவருக்குக் கண்ணால் காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

பூங்காவில் ஓடுகிற சின்ன ரயிலின் அடியில் குனிந்து குனிந்து பார்த்தே அதன் டிரைவரோடு பழகியிருந்தேன். தங்கமான மனுஷன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், கடைசிப் பெட்டிக்கு அடியில் சக்கரங்கள் திரும்புகிற இடங்களில் இரும்புத் துண்டுகளைச் செருகி இறுக்கினேன். இனி சக்கரம் திரும்பாது. அசல் மச்சான் வழி.

அன்று குடும்பத்தோடுதான் போயிருந்தோம். "கடைசிப் பெட்டியில உட்காருங்க மச்சான், காலை நல்லா நீட்டிக்கலாம்" என்றேன். மாமா மடியில்தான் உட்காருவேன் என்று என் மகள் அடம்பிடித்தாள். தடுத்தால் காரணம் கேட்பார்களே, விட்டுவிட்டேன்.

வளைவில் நான் கணக்குப் போட்ட அதே இடத்தில் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாய்ந்தது. மச்சான் குழந்தையைத் தூக்கிப் புல்தரையில் போட்டாராம். குதித்திருந்தால் அவர் கால்கள் தப்பியிருக்கும் என்கிறார்கள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். இதெல்லாம் பிறகு மனைவி சொன்னது. நான் வளைவோரம் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் டிரைவரை ஸ்டேஷனில் பிடித்துவைத்து, தண்டவாளம் பழசு என்று எழுதிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாகவே வந்தேன். தண்டவாளத்தின் மேல் ஒரு குறையும் இல்லை, ஐயா. அந்த இரும்பைச் செருகியது நான். அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இங்கே வருமுன் ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்க அண்ணன் உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணாரு?" என்று அழுதாள். ஒன்றுமே இல்லை என்றேன், அதுதான் உண்மை. அப்போது மச்சானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இனி அதில்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வராந்தா திரும்புகிற இடத்தில், முன்னால் இருந்த சின்னச் சக்கரங்கள் இரண்டும் தானாகவே அழகாகத் திரும்பின.

"பாருங்க மச்சான், தனித்தனியாத் திரும்புது" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் முதல்முறையாக, மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.